சுயேச்சைச் சின்னங்கள்

அண்மைக்காலமாக நமது தியான இல்லங்களிலும் இளைஞர் பயிற்சி முகாம்களிலும் ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. தியானத்தின் தொடக்கத்தில் மேசைமீது ஒரு கூடை வைக்கப்படுகிறது. கூழாங்கல், சங்கு, இறகு, காய்ந்த இலை, சிறு மெழுகுதிரி எனப் பல பொருள்கள் அதில் நிறைந்திருக்கும். அவற்றுள் தம் உள்ளத்தைத் தொடும் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவே அவருடைய இறை அனுபவத்தின் தனிச்சின்னம் என்று அறிவிக்கப்படுகிறது. அதனை நோக்கியே அவர் மூன்று நாளும் தியானிக்கிறார். இறுதி நாளில் தம் கல்லையோ இறகையோ கையில் ஏந்தியவாறு தம்மைப் பற்றிப் பேசுகிறார். வீடு திரும்பிய பின் அக்கல் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் சின்னம் என்றவுடன் தேர்தலே நினைவுக்கு வரும். கட்சியின் பெயரால் நிற்பவருக்கு அவர் பிறக்கும் முன்பே ஒரு சின்னம் இருந்திருக்கக் கூடும். எக்கட்சியையும் சாராத சுயேச்சை வேட்பாளரோ, தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உள்ளவற்றுள் தமக்குப் பிடித்ததைக் கேட்டுப் பெறுகிறார். தேர்தல் முடிந்ததும் அச்சின்னம் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறது. நம் விசுவாச வாழ்வும் இத்தகைய சுயேச்சை வாழ்வாக மாறி வருகிறது என்பதே நம் கவலை. அதனை மறைக்காமல் சொல்லிவிடுவது நம் கடமை.

எதிர்த்தரப்பின் நியாயம்

இப்பழக்கத்தை ஆதரிப்போர் அறிவிலிகள் அல்லர். அவர்களுள் பலர் உண்மையான செப மனிதர்கள். அவர்கள் கூறுவதை முதலில் நேர்மையுடன் கேட்போம்.

ஒவ்வோர் ஆன்மாவும் தனித்தன்மை வாய்ந்தது. இறைவன் ஒருவரோடு பேசுவதுபோல் மற்றவரோடு பேசுவதில்லை என்கின்றனர். இது உண்மை. பல நூற்றாண்டுகளாகக் கையாளப்பட்ட சின்னங்கள் பலருக்குத் தேய்ந்துபோன நாணயங்களாகிவிட்டன. சிலுவையைக் கழுத்தில் அணிந்திருப்பவர் அதனை ஒரு கணமும் எண்ணிப் பார்ப்பதில்லை என்கின்றனர். இதுவும் உண்மை. மனம் அலைபாயும் இயல்புடையது. அதனை ஒருமுகப்படுத்தக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வேண்டும் என்கின்றனர். இதனையும் நாம் மறுக்கவில்லை. மனிதர் உடலும் உயிருமாகப் படைக்கப்பட்டவர். தண்ணீரும் எண்ணெயும் அப்பமும் இரசமும் இன்றித் திருச்சபைக்கு அருளடையாளங்கள் ஏது?

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நமக்குப் பிடித்தது என்ற ஒரே காரணத்தால் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், நமக்கு அப்பால் உள்ளவரை நமக்குச் சுட்டிக் காட்டுமா? என் மனநிலைக்கு ஏற்ப நான் ஒரு கல்லைத் தெரிவு செய்கிறேன். அக்கல்லை நோக்கித் தியானிக்கும்போது என் மனநிலையையே மீண்டும் காண்கிறேன். இதற்குக் கண்ணாடி போதுமே! கண்ணாடியின் முன் எத்தனை மணி நேரம் அமர்ந்தாலும் அதற்குள்ளிருந்து வேறொருவர் நம்மை அழைக்கப் போவதில்லை.

முட்புதரும் பொற்கன்றும்

திருவிவிலியம் இதனைத் தெளிவாக உணர்த்துகிறது. விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தில் மோசே முட்புதரைத் தேடிப் போகவில்லை. தம் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். தீப்பற்றியும் கருகாத அப்புதர் அவருடைய நாள்வேலையின் நடுவே குறுக்கிட்டது. அதன் நடுவிலிருந்து வந்த குரல் அவருடைய மனநிலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களின் கூக்குரலைப் பற்றிப் பேசியது. புதரைக் கண்ட மோசே தம் வசதியான வாழ்வை விட்டு, தாம் அஞ்சியோடிய நாட்டுக்கே திரும்ப நேர்ந்தது.

அதே நூலின் முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் மற்றொரு சின்னம் உருவாகிறது. மலைமேல் சென்ற மோசே திரும்பி வரக் காணோம். காத்திருக்க மனமில்லாத மக்கள் தங்களுக்குக் கண்கண்ட சின்னம் ஒன்று வேண்டுமென்று ஆரோனை நெருக்கினர். அதற்கான பொன் எங்கிருந்து வந்தது? அவர்களுடைய காதணிகளிலிருந்தே வந்தது. தம் உடலை அழகுசெய்த அணிகலன்களை உருக்கி வார்த்த கன்றின் முன்னால் அவர்கள் பணிந்தனர். அதாவது தங்களையே பணிந்தனர். எரியும் புதரிலிருந்து விடுதலைப் பயணம் புறப்பட்டது. பொற்கன்றைச் சுற்றி ஆட்டமும் பாட்டமும் மட்டுமே நடந்தன.

இறைவனால் தரப்பட்ட சின்னம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. பாலைவனத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு இறைக் கட்டளைப்படி செய்யப்பட்டது. அதனை நோக்கியவர்கள் பிழைத்தனர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதனை உடைத்தெறிந்தார் என்று அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. சின்னம் சுட்டுவிரல் போன்றது. விரலையே நிலவென்று நினைப்பவருக்கு விரலும் வீண், நிலவும் வீண். ஆயினும் அதே வெண்கலப் பாம்பைத்தான் யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தம் சிலுவைக்கு முன்னடையாளமாகக் காட்டுகிறார். உடைக்கப்பட்ட சின்னமும் அது சுட்டிய உண்மையில் உயிர் பெறுகிறது.

அருணாசலத்தின் அடிவாரத்தில்

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இவ்விவாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அதே பாதையோரக் கடைகளில் உருத்திராட்சமும் ஸ்படிக மாலையும் ஓம் பொறித்த பதக்கமும் விலைக்குக் கிடைக்கின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வருவோர் ஒவ்வொரு மதத்திலிருந்தும் தமக்குப் பிடித்த ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கொண்டு செல்வதை நாம் காண்கிறோம். நம் கத்தோலிக்க மக்களுள் படித்தவர் சிலரும் அவ்வாறே செய்யத் தொடங்கியுள்ளனர். கேட்டால், சுவாமி அபிஷிக்தானந்தரைச் சான்று காட்டுகின்றனர். அவர் இம்மலையைத் தம் தியானச் சின்னமாகத் தெரிந்துகொள்ளவில்லையா என்று வினவுகின்றனர்.

அவர் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிக்குமாறு அவர்களை வேண்டுகிறோம். பிரான்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் 1910-இல் பிறந்த ஹென்றி லெ சோ என்னும் பெனடிக்ட் சபைத் துறவி 1948-இல் தமிழகம் வந்தார். 1949 சனவரியில் தந்தை ஜூல்ஸ் மொன்சானினுடன் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியைக் கண்டார். பெரிய எதிர்பார்ப்போடு வந்தவருக்கு முதல் சந்திப்பில் ஏமாற்றமே மிஞ்சியது. உடல்நலமும் குன்றியது. அந்நிலையில்தான் அவர் தெரிவுசெய்யாத ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. 1950-இல் இருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். நாம் சாந்திவனம் என்று அழைப்பது அதனைத்தான். ஆனால் மலை அவரை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள் அவர் மீண்டும் மீண்டும் இங்கு வந்து அருணாசலக் குகைகளில் தனித்திருந்தார்.

அக்குகைகளில் அவர் கண்டது மன அமைதி மட்டுமா? அவர் இறந்த பின் 1986-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்கள் விடை அறிவர். திருச்சபையின் நம்பிக்கைக்கும் அத்வைத அனுபவத்துக்கும் இடையே அவர் உள்ளம் ஆண்டுக்கணக்கில் கிழிந்தது. உயிர்த்தோழரான மொன்சானினுக்கும் அவருக்கும் இடையே இதனால் இடைவெளி விழுந்தது. 1968-இல் சாந்திவனத்தை விட்டு இமயத்துக்குச் சென்ற அவர் 1973-இல் இந்தூரில் காலமானார். அவர் எட்டிய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றுள் சிலவற்றோடு இறையியல் வழியில் நமக்கு வலுவான கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. அருணாசலத்துக்கு அவர் கொடுத்த விலை அவருடைய வாழ்வு முழுவதுமாகும். வார இறுதியில் இருநூறு ரூபாய்க்குப் பதக்கம் வாங்குபவர் அவர் பெயரைத் துணைக்கு அழைக்கலாகாது.

மகரிஷியின் வரலாறும் இதற்கு மாறானதன்று. மதுரையில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது உறவினர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்ற சொல் அவர் செவியில் விழுந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று இங்கு வந்து சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று உயிர் நீக்கும் வரை இவ்வூரை விட்டு அகலவேயில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! அவருடைய சமய நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் ஒரு சின்னத்தின் முன் ஒரு வாழ்வு முழுவதும் அமர்ந்திருந்த உறுதி, ஆண்டுக்கொரு தியான முறையை மாற்றும் நம்மை நாணச் செய்ய வேண்டும்.

கொப்பரையைச் சுமப்பவர்கள்

கார்த்திகைத் தீபத்தையும் நினைத்துப் பார்ப்போம். சுமார் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஏற்றப்படும் அத்தீபம் பதினொரு நாள்கள் எரிகிறது. அதனை யார் வேண்டுமானாலும் தம் உள்ளத்தூண்டுதலால் சென்று ஏற்றிவிட முடியாது. மீனவ மரபினரான பர்வதராஜ குலத்தார் தலைமுறை தலைமுறையாக அவ்வுரிமையையும் அக்கடமையையும் சுமந்து வருகின்றனர். கொப்பரையும் நெய்யும் திரியும் மனிதர் தோள்களிலேயே மலையேறுகின்றன. உச்சியில் சுடர் தோன்றும் வரை வீட்டு வாசல்களில் அகல்கள் காத்திருக்கின்றன; அது தோன்றியதும் ஊரெங்கும் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. தீபத்தின் பொருள் அதைச் சுமப்பவர்களின் தோளிலும் காத்திருப்பவர்களின் வாசலிலும் இருக்கிறது.

நம் அயலாருடைய இச்சின்னத்தை மதிக்க நமக்குத் தெரிய வேண்டும். மதிப்பது என்றால் எடுத்துக்கொள்வது என்று பொருளாகாது. வாழையிலை போட்டு விருந்திட்ட வீட்டின் குத்துவிளக்கைக் கையோடு எடுத்துச் செல்பவரை எவரும் பண்பாளர் என்று சொல்வதில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவற்றைக் கூடையில் போட்டு விநியோகிக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் இதே மலையின் சரிவு இடிந்து விழுந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணில் புதைந்து மாண்டனர். அடுத்த இரு வாரங்களுக்குள் தீபம் ஏற்றப்பட்டது. அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையை மௌனத்தின் சின்னம் என்றும் நிலைபேற்றின் சின்னம் என்றும் எழுதுவோர் உண்டு. அடிவாரத்தில் வேறிடம் கிடைக்காமல் சரிவில் வீடு கட்டி வாழும் ஏழைக்கு அம்மலை எதன் சின்னம்? இக்கேள்விக்கு இடம் தராத தியானம் கிறிஸ்தவத் தியானம் ஆகாது.

மோதிரத்தில் எதைப் பொறிக்கலாம்?

தனிச்சின்னம் தெரிவு செய்வதே பாவம் என்பது நம் வாதமன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்வி திருச்சபையில் எழுந்தது. அக்காலத்தில் முத்திரை மோதிரம் அன்றாடத் தேவையாக இருந்தது. அதில் எவ்வுருவைப் பொறித்துக்கொள்ளலாம் என்று கிறிஸ்தவர்கள் கேட்டனர். அலெக்சாந்திரியா நகர் கிளமெந்து தமது 'ஆசான்' என்னும் நூலில் விடை கூறினார். புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைப் பொறிக்கலாம் என்றார். சிலைகளின் முகங்களும், அமைதியை நாடுவோருக்கு ஒவ்வாத வாளும் வில்லும், மிதமாக வாழ்வோருக்கு ஒவ்வாத மதுக்கிண்ணமும் வேண்டாம் என்றார். மீன்பிடிக்கும் ஒருவரின் உருவம் இருந்தால் அது திருத்தூதரையும் திருமுழுக்கின் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளையும் நினைவூட்டும் என்பது அவர் தரும் விளக்கம்.

இங்கே மூன்றைக் கவனிக்க வேண்டும். தெரிவு செய்யும் உரிமை விசுவாசிக்கு உண்டு. அவ்வுரிமை எல்லையற்றதன்று, அவர் வாழும் முறைக்கும் அவர் அணியும் சின்னத்துக்கும் முரண்பாடு இருத்தலாகாது. மேலும், அவர் தெரிவு செய்வது அனைத்தும் முழுச் சபையும் அறிந்த நினைவுக்குள் அவரைக் கொண்டு சேர்க்கிறது. மீனைக் காண்பவர் தம்மை நினைப்பதில்லை. தாம் பெற்ற திருமுழுக்கை நினைக்கிறார்.

புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றது. அதிலும் இதே நெறியைக் காணலாம். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் பாதையை மனக்கண்ணால் பார்க்கும்படி அவர் சொல்கிறார். அதன் நீளம் என்ன, அகலம் என்ன, சமவெளியா, மேடுபள்ளமா என்றெல்லாம் காணச் சொல்கிறார். திருவண்ணாமலை உழவர் ஒருவர் அப்பாதையைச் செங்கம் சாலைபோலக் காணலாம். தூத்துக்குடி மீனவர் அதனைக் கடற்கரை மணலாகக் காணலாம். அச்சுதந்திரம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அப்பாதையில் நடக்கும் கருவுற்ற பெண்ணையும் அவள் துணைவரையும் நீக்கிவிட்டு வேறு யாரையும் அங்கே நடக்கவிட முடியாது. இதுவே கிறிஸ்தவத் தியானத்தில் சுதந்திரத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் உள்ள உறவு.

கிறிஸ்தவத் தியானம் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15 அன்று ஆயர்களுக்கு விடுத்த மடலும் கிழக்குத்திசை முறைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவில்லை. உடல் சார்ந்த குறியீடுகள் செபத்துக்குத் துணைநிற்கும் என்று ஏற்கிறது. அவையே சிலையாக மாறி இறைவனிடம் செல்லும் வழியை அடைத்துவிடவும் கூடும் என்று எச்சரிக்கிறது. நம் முகாம்களை நடத்துவோர் அம்மடலின் முதல் பாதியை மட்டும் வாசித்தாற்போல் தோன்றுகிறது.

விளக்கைக் கண்டு அஞ்சுவோர்

இதுவரை வாசித்துத் தலையசைத்தவர்களுள் வேறொரு சாரார் இருப்பர். குத்துவிளக்கு ஏற்றுவது அஞ்ஞானம், ஆரத்தி எடுப்பது சிலைவழிபாடு, சம்மணமிட்டு அமர்ந்து செபிப்பது மதமாற்றம் என்று கூறுவோர் அவர்கள். நாம் அவர்கள் பக்கம் வந்துவிட்டோம் என்று அவர்கள் மகிழ வேண்டாம்.

இந்திய ஆயர்கள் முன்வைத்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுக்கு உரோமை 1969 ஏப்ரல் 25 அன்று ஒப்புதல் அளித்தது. கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி, மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஆகியவை அவற்றுள் அடங்கும். விளக்கு இம்மண்ணின் ஏழை வீட்டிலும் இருந்தது. அதற்கு மதம் கற்பித்தவர்கள் நாமே. உருவங்களுக்குச் செய்யும் வணக்கம் அவை குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787-இல் இரண்டாம் நிசேயப் பொதுச்சங்கம் வரையறுத்துவிட்டது. கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் அமைத்த ஆலயத்தில் பெரியநாயகி அன்னை தமிழ்ப் பெண்ணின் உடையில் நிற்கிறாள். அவள் முன் முழந்தாளிடும் நம் மக்களின் விசுவாசம் எவ்வகையில் குறைந்தது?

சின்னங்களைத் தடுப்போரும் சின்னங்களைச் சந்தைப்படுத்துவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரும் சின்னத்தை ஒரு தனிப்பொருளாகப் பார்க்கின்றனர். ஒருவர் அதனை நஞ்சு என்கிறார்; மற்றவர் அதனை மருந்து என்கிறார். அதனை ஏந்தி நிற்கும் மக்களை இருவருமே பார்ப்பதில்லை.

யாருக்காக யார் தெரிவு செய்வது?

இங்கேதான் நம் தமிழகத் திருச்சபையின் புண் வெளிப்படுகிறது. பண்பாட்டுமயமாக்கல் என்ற பெயரில் ஓம் பொறித்த சிலுவையையும் வடமொழி மந்திரங்களையும் காவியுடையையும் கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் இந்தியப் பண்பாடு எது என்பதை அவர்கள் எந்த வீதியில் கேட்டறிந்தனர்? தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். எந்தக் கோயிலின் வாசல் தம் பாட்டனுக்கு மூடியிருந்ததோ அந்தக் கோயிலின் சின்னம் தம் பீடத்தின் மேல் ஏறியதைக் கண்டபோது அவர்கள் என்ன உணர்ந்தனர் என்று கேட்டவர் மிகச் சிலரே.

அவர்களிடமும் சின்னம் இருந்தது. பறை இருந்தது. சாவுக்கொட்டு என்று இழிவுபடுத்தப்பட்ட அதே தோற்கருவியை அவர்கள் விடுதலையின் முழக்கமாக மாற்றிக் கைகளில் ஏந்தினர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய 'பரட்டை' தியோஃபிலஸ் அப்பாவு, எல்லோரும் ஒரே உலையில் சமைத்து உண்ணும் 'ஓர் உலை'யைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். அவர் நம் சபையைச் சார்ந்தவர் அல்லர் என்பதால் அவரிடமிருந்து கற்க மறுப்பது அறிவுடைமையாகாது. உலை என்பது அவர் கூடையிலிருந்து எடுத்த கல் அன்று. சாதியின் பெயரால் சேர்ந்துண்ணல் மறுக்கப்பட்ட மக்களின் பசியிலிருந்தும் மானத்திலிருந்தும் அது பிறந்தது. ஆகவே அதனை முன்வைத்துத் தியானிப்பவர், தம்மோடு ஒரே பந்தியில் அமர யாரை அனுமதிக்கவில்லை என்று தம்மையே கேட்டாக வேண்டும்.

இன்றும் நம் சில பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. இறந்தோரைப் பிரிக்கும் சுவரும் ஒரு சின்னமே. அதனைத் தெரிவு செய்தவர்கள் ஞாயிறுதோறும் சிலுவையை முத்தி செய்கின்றனர். இரு சின்னங்களுள் எது நம் உண்மையான விசுவாசத்தைக் காட்டுகிறது? தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்டது. அறிக்கை அச்சாகிவிட்டது, சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இச்சுவரை நோக்கி ஒரு தியான முகாம் நடத்த எவரேனும் முன்வருவாரா?

உரைகல்

அப்படியானால் செபத்தில் மனம் ஒன்ற விரும்பும் பொதுநிலையினர் என்ன செய்வது? மறுப்போடு நிறுத்திக்கொள்வது மேய்ப்பரின் பணியாகாது. ஒரு சின்னத்தை ஏற்குமுன் அதனைச் சோதிக்க நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, இச்சின்னம் இயேசுவின் வாழ்வில் ஏதேனும் ஒரு நிகழ்வை எனக்கு நினைவூட்டுகிறதா, அல்லது என்னையே எனக்கு நினைவூட்டுகிறதா? இரண்டாவது, என் வீட்டாரும் என் அன்பியத்தாரும் இதன் முன் என்னோடு சேர்ந்து செபிக்க முடியுமா, அல்லது நான் விளக்கவுரை வழங்கினால்தான் அவர்களுக்குப் புரியுமா? மூன்றாவது, உணர்ச்சி வற்றிய நாளிலும், மருத்துவமனைப் படுக்கையிலும், துக்க வீட்டிலும் இதனைப் பிடித்துக்கொள்ள முடியுமா? நான்காவது, இது என்னிடம் ஏதேனும் விலை கேட்கிறதா? எதுவும் கேட்காத சின்னம் அலங்காரப் பொருளே.

இக்கேள்விகளைக் கேட்டால், புதியதைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது விளங்கும். பாட்டியின் விரல்பட்டுத் தேய்ந்த செபமாலை பல வீடுகளில் ஆணியில் தொங்குகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு யாருக்காக அழுதாள் என்று அவ்வீட்டார் அறிவர். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் இடப்படும் சாம்பல் பணக்காரரையும் ஏழையையும் ஒரே நிறத்தில் குறிக்கிறது. கோயில் வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியில் விரல் நனைக்கும் ஒவ்வொரு முறையும் நம் திருமுழுக்கு நம்மைத் தொடுகிறது. குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை பீரோவின் மேல் ஓராண்டு காய்ந்திருக்கிறது. இவற்றுள் எதையும் நாம் தெரிவு செய்யவில்லை. இவை நமக்குக் கையளிக்கப்பட்டவை. கையளித்தவர்களின் கண்ணீரும் நம்பிக்கையும் இவற்றில் ஊறியுள்ளன. தேய்ந்த நாணயம் என்று இவற்றை ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: நாணயம் தேய்வது அது பல கைகளில் புழங்கியதால்தான். இவற்றை விளக்கிச் சொல்லாமல் விட்டது மறையுரை மேடையின் குறை. அதற்குப் பரிகாரம் மறைக்கல்வியே.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஞாயிறும் நம் முன் ஒரு சின்னம் உயர்த்தப்படுகிறது. சின்னம் என்ற சொல்லையும் கடந்து நிற்கும் அருளடையாளம் அது. தம்மை நினைவுகூர ஆண்டவர் பொன்னையோ மணியையோ தெரிந்துகொள்ளவில்லை. அன்றாடம் உண்ணும் அப்பத்தைத் தெரிந்துகொண்டார். அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்படி அவர் தரவில்லை. பிட்டு, பகிர்ந்து, உண்ணும்படி தந்தார். அதை உண்டவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களோடு மட்டும் அமர முடியாது. அருகில் இருப்பவர் யாராயினும் அவரோடு ஒரே உடலாக வேண்டும். தனக்கென்று ஒரு சின்னம் தேடுவோர் இந்த அருகிருப்பவரிடமிருந்து தப்பிக்கவே தேடுகின்றனரோ என்று நாம் ஐயுறுகிறோம்.

வரும் தவக்காலத்தில் தியான முகாம் நடத்த எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். பங்கேற்பவர்களை ஓர் அறைக்குள் அமர்த்தி எதையேனும் தெரிவு செய்யச் சொல்வதற்குப் பதிலாக, அவர்களைத் தங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுவே சுவர் இருந்தால் அதன் முன் நிற்கச் சொல்லுங்கள். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் அங்கேயே செபியுங்கள். முடிந்ததும், அச்சுவரை என்ன செய்வதென்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.